முதலில் தண்ணீரை எடை போடுங்கள்: ஜன்னல் துடைக்கும் தொழிலுக்கு வேன் கட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு வேனைப் பற்றிய ஆய்வு. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்காக நானும் என் தம்பியும் அதை வாங்கினோம். உள்ளே தொட்டியும் பம்பும் வைத்துக் கட்டினோம். மூன்றே வாரத்தில் கட்டியதில் பாதியைப் பிரித்து மறுபடி கட்டினோம். ஏன் பிரிக்க நேர்ந்தது, எந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும் என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் வரும் எண்கள் எங்கள் வண்டிக்கு உரியவை. கணக்குப் போடும் வழி எந்த வண்டிக்கும் ஒன்றுதான்.

தொழில் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான் கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கின்றன. அந்த உப்புகளை முழுக்க எடுத்துவிட்டால் துணியும் ரப்பர் வைப்பரும் இல்லாமலே கண்ணாடி தெளிவாகக் காயும். கார்பன் ஃபைபர் கழியின் நுனியில் பிரஷ், அதன் வழியாகத் தண்ணீர். தேய்த்து, அலசி, அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போகலாம். மூன்றாம் மாடிவரை தரையில் நின்றபடியே எட்டும். ஏணியில் ஏறும் ஆபத்து போய்விடுகிறது. அதற்குப் பதிலாக அன்றைய வேலைக்கான தண்ணீர் முழுவதையும் நாமே சுமந்து போகவேண்டியிருக்கிறது. வண்டி பற்றிய எல்லாக் கேள்வியும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கேன்களை எண்ணினோம்

வேன் வாங்கும் முன் ஒரு வருடம், காரின் பின்புறம் 25 லிட்டர் கேன்களை அடுக்கிக்கொண்டு போனோம். தள்ளுவண்டியில் ஒரு கேன், சின்ன பம்ப், ஹோஸ். கேன் காலியாகும் ஒவ்வொரு முறையும் கழியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேனுக்கு நடக்கவேண்டும். மதியத்துக்குள் காரில் இருப்பது தீர்ந்து, வீட்டுக்குப் போய் நிரப்பிவர ஒரு மணி நேரம் போய்விடும்.

அந்த வருடம் எங்களுக்குக் கொடுத்த ஒரே பெரிய லாபம், எத்தனை கேன் தீர்ந்தது என்று தம்பி நோட்டில் எழுதிவந்ததுதான். சாதாரண நாளில் 11, 12 கேன். கட்டடம் முழுக்கக் கண்ணாடியாக இருந்த ஒரு நாளில் 16. அதாவது வழக்கமாக 300 லிட்டர், மிஞ்சிப்போனால் 400. பிரஷில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வீதம் போகும்படி வைத்திருந்தோம். 10 லிட்டர் வாளி நிரம்ப 6 நிமிடம் 40 விநாடி. அந்த வேகத்தில் 400 லிட்டர் என்றால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக பிரஷ் ஓடும். மிச்ச நேரமெல்லாம் நடப்பது, ஹோஸ் இழுப்பது, கழியை நீட்டி மடக்குவது.

தொட்டி எவ்வளவு பெரியதாக வேண்டும் என்று யாரிடமும் கேட்காதீர்கள். "பெரிசா வாங்கிடுங்க, பின்னால உதவும்" என்றுதான் பதில் வரும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 600 லிட்டர் தொட்டி வாங்கினால், நிரப்பத்தான் தோன்றும். தேவையில்லாத 200 கிலோவைத் தினமும் ஊர் சுற்றிக்காட்டுவதற்கு டயரும் பிரேக்கும் எரிபொருளும் தேயும்.

கைவிட்ட சின்ன வண்டி

முதலில் மனதில் இருந்தது சின்ன வேன். குறுகிய தெருவில் நுழையும், நிறுத்த இடம் கிடைக்கும், விலையும் குறைவு. பார்த்த வண்டியின் சுமைத்திறன் 620 கிலோ. தண்ணீர் 400 கிலோதானே, 220 மிச்சம் இருக்கிறதே என்றான் தம்பி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூட்டினோம்.

தண்ணீர் 400. தொட்டியும் அதைப் பிடிக்கும் இரும்புச் சட்டமும் 70. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ வடிகட்டி முழு செட் 35. ஹோஸ் சுற்றிய ரீல் இரண்டு, 30. கழிகள் 15. பேட்டரி 30. ஏணி 25, ஏனென்றால் கழி எட்டாத மூலை எப்போதும் ஒன்று இருக்கும். வாளி, பிரஷ், கருவிகள் 25. தரைக்கும் சுவருக்கும் ப்ளைவுட் 50. ஆக 680 கிலோ. நாங்கள் இன்னும் வண்டியிலேயே ஏறவில்லை. இரண்டு பேரையும் சேர்த்தால் 830.

சின்ன வண்டியை அன்றே விட்டுவிட்டோம். தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால் கூட 630 வந்து நிற்கிறது. ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவருக்கு 200 லிட்டர் தொட்டியோடு அது நல்ல வண்டியாகவே இருக்கும். எங்கள் கணக்குக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

சுமைத்திறன் என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. விளம்பரத்தில் போடும் எண், அந்த மாடலின் மிக எளிய வடிவத்துக்கு உரியதாக இருக்கலாம். ஏசி, கூடுதல் இருக்கை, நடுத்தடுப்பு (இருக்கைகளுக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவிலுள்ள சுவர்), இழுவைக் கொக்கி என்று முந்தைய உரிமையாளர் சேர்த்த ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். ஓட்டுநரின் எடையைச் சிலர் வண்டியின் எடையோடு சேர்த்துச் சொல்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. நம்பவேண்டியவை இரண்டு: கதவுச் சட்டத்திலோ எஞ்சின் பகுதியிலோ அடித்திருக்கும் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு, எரிபொருள் நிரப்பிய அதே வண்டியை எடைமேடையில் ஏற்றி எடுத்த சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் சுமை. விற்பவரிடம் எடை போட்டுப் பார்க்கவேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். நாங்கள் கேட்டோம். வரம்பு 2,800 கிலோ, எடை 1,850. ஆக 950 கிலோ ஏற்றலாம்.

வாங்கிய வண்டி

நடுத்தர அளவு, பழைய டீசல் வேன். அதைவிடக் குறைவாக ஓடிய இன்னொன்றும் அதே விலைக்கு வந்தது. அதை வேண்டாம் என்றதற்குக் காரணம் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறிக் கரி எரியவேண்டும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் ஓடவேண்டும். அந்த வண்டி வாழ்நாள் முழுக்கத் தெருத்தெருவாகக் குறுந்தூரம் ஓடியது. எங்கள் தொழிலும் அதே குறுந்தூரம்தான். பாதி அடைபட்ட வடிகட்டியோடு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நெடுஞ்சாலையில் ஓடிய, மீட்டரில் எண் அதிகமான வண்டியையே எடுத்தோம். இப்போதும் வாரம் ஒருமுறை நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டிவருகிறோம்.

மற்றபடி எல்லோரும் பார்ப்பதைத்தான் பார்த்தோம்: குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, கிளட்ச், டயர் ஒருபக்கம் தேய்ந்திருக்கிறதா, சர்வீஸ் பதிவு. இந்தத் தொழிலுக்கென்று தனியாகப் பார்க்கவேண்டியது ஈரம் தங்கும் இடங்கள். தினமும் நனைந்த ஹோஸும் பிரஷும் உள்ளே வரப்போகின்றன. ஏற்கெனவே துருப்பிடித்த சக்கர வளைவும் கதவடி விளிம்பும் இரண்டு வருடத்தில் ஓட்டையாகிவிடும். நகரும் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கிறதா என்பதும் முக்கியம். ஹோஸை இழுத்துக்கொண்டு போக்குவரத்துக்குள் இறங்கும்படி இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

தொட்டியை இறுக்கியது

இந்த ஆய்வில் நான் மிகவும் வற்புறுத்தும் பகுதி இதுதான். பிளாஸ்டிக் தொட்டியை இரண்டு சரக்குப் பட்டையால் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். எங்கள் தொட்டியும் சட்டமும் நிறைந்த தண்ணீரும் 470 கிலோ. 20 மடங்கு என்றால் 9 டன்னுக்கு மேல். அது பாயும் திசையில் உட்கார்ந்திருப்பது நானும் என் தம்பியும்.

போல்ட் பெரிதாகப் போட்டால் போதும் என்று நினைப்பது இயல்பு. 8.8 தரத்து 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று தனியாக 5 டன் இழுவையைத் தாங்கும். ஆனால் அது பிடித்திருக்கும் வேன் தரை வெறும் மெல்லிய தகடு. மோதலில் போல்ட் அறுவதற்கு முன்பே தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதனால் சட்டத்தை ஆறு இடங்களில், முடிந்தவரை தரைக்கு அடியில் ஓடும் சேஸிஸ் உத்திரத்தை ஒட்டித் துளைத்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே உள்ளங்கை அகல 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம். வாஷர் மட்டும் போதவே போதாது. துளைக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, எரிபொருள் தொட்டி, பிரேக் குழாய், வயர்கள் எங்கே போகின்றன என்று சுண்ணக்கட்டியால் குறித்தோம். துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் பூசி, சீலன்ட் வைத்தோம்.

தொட்டிக்குள் தடுப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்கினோம். நிறைந்த தொட்டி அவ்வளவு அலையாது. பாதித் தொட்டிதான் ஆபத்து. மதியத்துக்கு மேல் வளைவில் திரும்பும்போது தண்ணீர் ஒருபக்கம் குவிந்து மறுபடி திரும்பி வரும் அந்தத் தள்ளல், தடுப்பில்லாத தொட்டியில் ஓட்டுநரின் கையை மீறும். உயரமான தொட்டியைவிடத் தட்டையானது நல்லது என்பதற்கும் காரணம் இதுவே.

கட்டி முடித்ததும் காப்பீட்டாளரிடம் மாற்றங்களை எழுத்தில் தெரிவித்தோம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எடைமேடையில் தெரிந்தது

வேலை முடிந்ததும் நேராகத் தொழிலுக்குப் போய்விட்டோம். அங்கேதான் தவறினோம். இரண்டாம் வாரம் தம்பி சொன்னான்: "அண்ணே, தொட்டி நிறைஞ்சா ஸ்டியரிங் காத்துல மிதக்குற மாதிரி இருக்கு." எதிரில் வருகிறவர்கள் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள், எங்கள் முன்விளக்கு அவர்கள் கண்ணுக்கே அடித்துக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே செய்தி: பின்புறம் தாழ்ந்து மூக்கு தூக்கியிருக்கிறது.

எடைமேடைக்குப் போனோம். தொட்டி நிறைய, எரிபொருள் நிறைய, இருவரும் இருக்கையில். மொத்தம் 2,735 கிலோ. வரம்புக்கு 65 கிலோ உள்ளேதான். எங்கள் பட்டியலைவிட 55 கிலோ கூடியதில் 45 நாங்கள் மறந்தே போன கூரைக் கேரியர்; மிச்சம் வெல்டிங்கும் நட்டு போல்ட்டும். நிம்மதியாகத் திரும்பியிருப்போம். எடை போட்டவர்தான், "ஒவ்வொரு அச்சாவும் பாத்துடுங்க" என்றார். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் 1,145. பின்சக்கரங்கள் மட்டும் 1,590. தகட்டில் பின் அச்சுக்கு வரம்பு 1,550. மொத்தத்தில் பிழையில்லாத வண்டி, பின் அச்சில் 40 கிலோ அதிகம் சுமந்துகொண்டிருந்தது.

காரணம் இடம். தொட்டியைப் பின் அச்சுக்கு நேர் மேலே, சக்கர வளைவுகளுக்கு நடுவில் வைத்திருந்தோம். சக்கரத்துக்கு மேலே இருந்தால் பலம் என்று பட்டறைக்காரரும் சொன்னார், நகரும் கதவுக்கு எதிரே இடம் காலியாக இருக்கட்டும் என்று நாங்களும் விரும்பினோம். பின்னால் மிச்சமிருந்த இடத்தில் ரீல், ஆர்ஓ, பேட்டரி எல்லாம் கதவோரமாக வரிசையில் உட்கார்ந்தன. அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை, தன் முழு எடையையும் பின் அச்சில் போடுவதோடு நிற்காது. சீசா பலகையைப் போல முன்பக்கத்தைத் தூக்கி, அங்கிருந்தும் கொஞ்சம் எடையைப் பின்னால் இறக்கும்.

தீர்வுக்கான கணக்கு எளிது. ஒரு பொருளை எவ்வளவு தூரம் முன்னால் நகர்த்துகிறோமோ, அதை எடையால் பெருக்கி, இரண்டு அச்சுகளின் இடைத்தூரத்தால் வகுத்தால், பின் அச்சிலிருந்து முன் அச்சுக்குப் போகும் எடை கிடைக்கும். எங்கள் வண்டியின் இடைத்தூரம் 3 மீட்டர். தொட்டியை 90 சென்டிமீட்டர் முன்னால் தள்ளி இரும்பு நடுத்தடுப்பை ஒட்டி வைத்தால், 470 × 0.9 ÷ 3 = 141 கிலோ மாறும். பின்கதவோரம் இருந்த 30 கிலோ பேட்டரியைப் பயணி இருக்கைக்கு அடியில் கொண்டுபோனால் 3.2 மீட்டர் நகர்கிறது. அதில் 32 கிலோ.

ஆறு போல்ட்டையும் கழற்றினோம். பழைய துளைகளை அடைத்து, புதிதாகத் துளைத்து, தகடு வைத்து முடுக்க இரண்டு நாள் ஆனது. மறுபடி மேடையில் ஏற்றியபோது பின் அச்சு 1,417, முன் அச்சு 1,318; முன் அச்சின் வரம்பு 1,450. ஸ்டியரிங் கைக்கு வந்தது. மோதலைப் பொறுத்தவரையிலும் இதுவே சரியான இடம்: தடுப்பை ஒட்டி நிற்கும் தொட்டிக்கு ஓடிவந்து வேகம் பிடிக்க இடமில்லை.

பேட்டரி

பம்பை ஓட்ட, வண்டியின் பேட்டரியைத் தொடாமல் தனியாக 110 ஆம்ப்-மணி பேட்டரி ஒன்று வைத்தோம். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆக, இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடும் சுவிட்சாகச் சாதாரண ரிலே. வேலை தொடங்கிய மூன்றாம் நாள் மதியம் பிரஷில் தண்ணீர் மெலிந்தது. மீட்டரில் 12.1 வோல்ட், கிட்டத்தட்டப் பாதி காலி. ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் செத்துப்போகும்.

செலவைக் கணக்கிட்டால் ஆளுக்கு ஒரு பம்ப், ஒவ்வொன்றும் 4 ஆம்ப், இரண்டே கால் மணி நேரம். நாளுக்கு 18 ஆம்ப்-மணி. மூன்று நாளில் பாதி தீர்ந்தது என்றால் சார்ஜே ஏறவில்லை என்று பொருள். புதிய வண்டிகளில், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக, தன் பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டைத் தாழ்த்திவிடும். ரிலே அந்தத் தாழ்ந்த வோல்ட்டையே அப்படியே கடத்தும். இதற்கு வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். 30 ஆம்ப் சார்ஜர் ஒன்று போட்டோம்.

பேட்டரி இருக்கைக்கு அடியில் வந்தது இங்கேயும் உதவியது. பின்கதவுவரை 5 மீட்டர் ஓடிய 6 சதுர மில்லிமீட்டர் வயரில், 30 ஆம்ப் போகும்போது போகவர 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். இப்போது ஒன்றரை மீட்டர், 10 சதுர மில்லிமீட்டர், இழப்பு 0.16 வோல்ட். ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே இருக்கிறது. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் வயர் என்பதால் இரண்டு நுனியிலும் ஃபியூஸ். எங்கள் ஓட்டம் நாளுக்கு 50 நிமிடம்தான் என்பதால் வாரக்கடைசியில் வீட்டுச் சார்ஜரிலும் ஒருமுறை மாட்டுகிறோம்.

தண்ணீர்

எங்கள் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்குள் கரைந்திருக்கும் உப்பு, 260 மில்லிகிராம். ஆர்ஓ கடந்ததும் 9, அதன்பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் மணிகளைக் கடந்ததும் 0. சிலர் ஆர்ஓ இல்லாமல் ரெசினை மட்டும் வைக்கிறார்கள். எடை குறையும், உண்மைதான். ஆனால் ரெசின் தீர்வது உள்ளே வரும் உப்பின் அளவைப் பொறுத்தது. 260-ஐ அதன் தலையில் கட்டினால், 9-ஐக் கொடுக்கும்போது உழைப்பதில் 29-இல் ஒரு பங்குதான் உழைக்கும். குழாய்த் தண்ணீரே 30, 40 என்று மென்மையாக இருக்கும் இடத்தில் ரெசின் மட்டும் போதும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஆர்ஓவுக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேனைக் காக்க, அதற்கு முன்னாலுள்ள கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடுகிறது. அதனால் தொட்டியில் நிற்கும் தண்ணீருக்குக் கிருமியைத் தடுக்கும் காவல் எதுவுமில்லை. கடும் நிமோனியாவைத் தரக்கூடிய லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரிவரையிலான வெப்பத்தில் பெருகும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் அது சுலபமாக வந்துவிடும் சூடு. அந்தத் தண்ணீரைத்தான் தலைக்கு மேலே நுண்துளியாகத் தெறிக்கவிட்டு, கீழே நின்று மூச்சு விடுகிறோம். ஒளி புகாத தொட்டி வைத்திருக்கிறோம். இரண்டு நாளுக்கு மேல் வேலை இல்லையென்றால் தொட்டியையும் ஹோஸையும் வடித்துவிடுகிறோம். குறிப்பிட்ட இடைவெளியில் கிருமிநீக்கி விட்டுக் கழுவி அலசுகிறோம்; அப்போது மெம்பிரேனையும் ரெசினையும் கழற்றி வைத்துவிட வேண்டும். உறைபனி விழும் இடங்களில் உள்ளவர்கள் இன்னொன்றும் பார்க்கவேண்டும்: உறைந்த மெம்பிரேன் கிழிந்துவிடும்.

பிறகு மாற்றியவை

ஆர்ஓவை வேனிலிருந்து இறக்கி வீட்டுச் சுவரில் மாட்டினோம். இரவில் அங்கேயே நிரப்பிக்கொள்கிறோம். 35 கிலோ இறங்கியது. ரெசின் குப்பி மட்டும் வண்டியில் இருக்கிறது, அதன் எடையைக் கருவிகளோடு முன்பே சேர்த்திருந்தோம். கூரைக் கேரியரையும் கழற்றினோம். கழிகள் இப்போது உள்ளே கூரையை ஒட்டிய குழாய்க்குள் படுத்திருக்கின்றன. திருட்டுப் பயமும் குறைந்தது. உள்விட்டம் 8 மில்லிமீட்டர் உள்ள 100 மீட்டர் ஹோஸ் தனக்குள்ளேயே 5 லிட்டரைத் தாங்கும். 6 மில்லிமீட்டருக்கு மாறியதும் 2.8 லிட்டர். கிலோ கணக்கில் சின்ன விஷயம்தான். நாள் முழுக்க அதை இழுக்கும் தோளுக்குச் சின்னதில்லை.

நகரும் கதவருகே தரை ப்ளைவுட் வீங்கத் தொடங்கியிருக்கிறது. வெட்டிய விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசாமல் பதித்ததன் விளைவு. அந்தப் பலகையை மாற்றும்போது கீழே தண்ணீர் வடிய ஒரு துளையும் வைக்கப்போகிறோம்.

பின்கதவின் உட்புறம் எடைமேடைச் சீட்டை ஒட்டி, அதற்குக் கீழே ஒரு தாள் வைத்திருக்கிறோம். வண்டியில் எது ஏறினாலும் இறங்கினாலும் அதில் எடையோடு எழுதுவது தம்பியின் பொறுப்பு. கடைசி வரி இப்படி இருக்கிறது: "பழைய ஏணி இறக்கம் 25. மடக்கு ஏணி ஏற்றம் 11. மொத்தம் 2,641."